தூணடியைப் பாருங்கள்

பாலம் சோதிக்கப் போகும் ஊர்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: "இந்தப் பழைய தூண் இன்னும் எத்தனை வருஷம் சார் தாங்கும்?" தூணடி மணலைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

திருச்சி கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் 1928-ல் கட்டியது. திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்தது. 2016-ல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்ததும் வண்டிகள் அங்கே போய்விட்டன. பழைய பாலத்தில் காலையும் மாலையும் ஜனங்கள் நடந்தார்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது அதன் இரண்டு தூண்கள் சரிந்து விழுந்தன. மேலே லாரியோ பஸ்ஸோ ஓடாத பாலம் அது! அதே மாதம் 22-ம் தேதி இரவு, மேல்புறம் முக்கொம்பில் 1836-ல் கட்டிய கதவணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் கொண்டுபோனது.

மணல் ஆற்றில் பழைய தூண்கள் பெரும்பாலும் கிணறு போன்ற கட்டுமானத்தை மணலுக்குள் இறக்கி, அதன் மேல் எழுப்பியவை. அந்தக் கிணற்றைச் சுற்றி இறுகியிருக்கும் மணல்தான் பிடிப்பு. வெள்ள நீர் தூணின் முகத்தில் மோதிக் கீழே பாய்ந்து, இரண்டு பக்கமும் சுழன்று மணலை வாரிக்கொண்டு போகும். இதை மண்ணரிப்பு என்கிறோம். தூணருகே அரிப்பின் ஆழத்தை, வெள்ள மட்டத்திலிருந்து அளந்து, ஆற்றின் சராசரி அரிப்பு ஆழத்தைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துத்தான் இன்றும் அஸ்திவாரம் கணக்கிடுகிறோம். அப்புறம் மணல் அள்ளி ஆற்றுப் படுகை ஆள் உயரம் இறங்கினால்? வெள்ளம் வரும் முன்பே அவ்வளவு பிடிப்பும் போயிற்று. மணல் லாரி போகும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் இதைச் சொல்லாமல் என்னால் நகர முடிவதில்லை.

இப்படி அரித்த பள்ளம் மிக ஆழமாக இருப்பது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது. தண்ணீர் வடியும்போது புது மணல் வந்து அதை மூடிவிடும். மேலே பார்த்தால் சமதரைதான், ஆனால் அந்த மணலுக்கு இறுக்கம் கிடையாது.

கைப்பிடிச் சுவரின் நேர்கோடு ஓரிடத்தில் வளைந்திருந்தாலோ, பாலத் தளத்தின் துண்டுகளுக்கு நடுவே உள்ள இணைப்பு இடைவெளி விரிந்திருந்தாலோ, தூணுக்குக் கீழே கிணற்றுச் சுவர் வெளியே தெரிந்தாலோ நெடுஞ்சாலைத் துறைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் உடனே சொல்லுங்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றாலும் பிள்ளைகளைத் தூணடியில் குளிக்க விடாதீர்கள். அடுத்த அடியிலேயே மணல் சரிந்து பள்ளம் வாய் திறக்கும்.