ரேண்டம் எண்ணில் பாஸ், சைன் அலையில் ஃபெயில்

நான் முதன்முதலில் சொந்தமாக எழுதிய 1024 புள்ளி எஃப்எஃப்டி (ஒரு சிக்னலில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு), சிமுலேஷனில் ஒரு தப்பும் காட்டவில்லை. ஆயிரக்கணக்கில் ரேண்டம் எண்களைக் கொட்டி, மேட்லாப் மென்பொருளின் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எஃப்பிஜிஏவில், அதாவது நாமே சர்க்யூட்டை அமைத்துக்கொள்ளும் சிப்பில், இறக்கினேன். லேபில் சிக்னல் ஜெனரேட்டரை மாட்டி ஒரு சுத்தமான சைன் அலை கொடுத்தால், ஒற்றைக் கோடு நிற்க வேண்டிய திரையில் புதர் மாதிரி கோடுகள். கிளாக்கைச் சந்தேகப்பட்டேன், போர்டைச் சந்தேகப்பட்டேன், கேபிளைக்கூட மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று.

தப்பு என் கணக்கில்தான். 16 பிட் உள்ளீடு 1024 புள்ளி எஃப்எஃப்டிக்குள் போனால் எவ்வளவு வளரும்? ரேண்டம் எண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் வளர்ச்சி 1024-இன் வர்க்கமூலம், அதாவது 32 மடங்கு, 5 பிட். பாதுகாப்புக்கு இன்னும் 2 சேர்த்து 7 பிட் இடம் விட்டிருந்தேன். ஆனால் சைன் அலையில் 1024 சாம்பிளும் ஒரே வடத்தைப் பிடித்துத் தேர் இழுக்கின்றன. பாதி பலம் எதிர்க்குறி அதிர்வெண்ணுக்குப் போனாலும் மிச்சம் 512 மடங்கு. 9 பிட் வேண்டும். இடம் போதாமல் எண் உச்சத்தைத் தாண்டியது. மைனஸ் எண்களையும் பிட்டுகளில் எழுதும் டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில் தாண்டினால் அங்கேயே நிற்காது; 16 பிட்டில் 32767-க்கு அடுத்த எண் மைனஸ் 32768.

1024 புள்ளி எஃப்எஃப்டி பத்து அடுக்காக நடக்கும்; அப்படியானால் ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டால் வகுத்துவிடலாமே என்பார்கள். முழுப் பாதுகாப்பு அதிலும் இல்லை. ஒவ்வொரு அடுக்கிலும் நடக்கும் அடிப்படைக் கணக்கு பட்டர்ஃப்ளை: இரண்டு கலப்பெண்களில் ஒன்றைத் திருப்பி, மற்றதோடு கூட்டுவதும் கழிப்பதும். அதில் 45 டிகிரி திருப்பம் வரும்போது மெய்ப்பகுதி மட்டும் 2.414 மடங்கு வரை போகலாம். உள்ளீட்டில் ஒரு பிட் காலியாக விடாவிட்டால் அங்கேயும் வழியும். பத்து அடுக்கிலும் வகுத்தால் சின்ன சிக்னல்கள் அடியோடு மூழ்கிவிடும். அதனால் பெரும்பாலும் நான் பிளாக் ஃப்ளோட்டிங் பாயின்ட்டுக்குத்தான் போகிறேன்: எண்கள் வளர்ந்தால் மட்டும் மொத்தத் தொகுதியையும் சேர்த்து வகுத்து, எத்தனை முறை வகுத்தோம் என்பதைத் தனியே குறித்துக்கொள்வது.

கல்லூரியில் நமக்குச் சொல்லித்தந்தது பெருக்கல் எண்ணிக்கை. 1965-இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் எழுதிய எஃப்எஃப்டி வழியில், நேரடியாகச் செய்தால் 10,48,576 ஆகும் பெருக்கல்கள் 5,120-ஆகக் குறைகின்றன. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய எஃப்பிஜிஏவில் பெருக்கிகள் ரெடிமேடாகவே கிடக்கின்றன. ஆளைப் படுத்துவது பிட் அகலமும் மெமரியும்தான்.

வீடியோவிலும் இதே கதை. படத்தைச் சுருக்கப் பயன்படும், எஃப்எஃப்டியின் உறவுக்காரக் கணக்கான டிசிடிக்கு, 8 புள்ளி என்றால் 11 பெருக்கல் போதும் என்று 1989-இல் லோஃப்லர் குழு காட்டியது. ஆனால் எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறையின் காலத்தில் உண்மையான தலைவலி வேறு: தலைகீழ் டிசிடியை ஒவ்வொரு டிகோடரும் தன் இஷ்டப்படி ரவுண்ட் செய்ததால், பிழை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சேர்ந்துகொண்டே போனது. பின்னால் வந்த எச்.264 முறையில் முழு எண்களை வைத்து, கூட்டலும் ஷிஃப்ட்டும் மட்டும் போதும்படி உருமாற்றத்தையே மாற்றி எழுதினார்கள். பெருக்கல் மிச்சமானதைவிட, எல்லா டிகோடரிலும் கடைசி பிட் வரை ஒரே விடை வந்ததுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது.

இப்போது என் டெஸ்ட்பெஞ்சில் (சிமுலேஷனில் டிசைனைச் சோதிக்கும் கோட்) முதலில் ஓடுவது முழு அளவு சைன் அலை, அடுத்து முழு அளவு டிசி, அதாவது மாறாத ஒரே மதிப்பு, பிறகு அந்த 45 டிகிரி மூலை. ரேண்டம் எண்களுக்குக் கடைசி இடம்.