கலவரத்துக்கு ஒரு காப்பீடு, வெள்ளத்துக்கு வேறு: தென்னாப்பிரிக்கத் தமிழ் வணிகர்களும் குடும்பங்களும் தெரிந்து வைக்க வேண்டியவை

2021 ஜூலையில் குவாசூலு-நட்டாலிலும் கௌடெங்கிலும் கலவரம் பரவி 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஒன்பது மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தில் கொட்டிய மழை 400-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. இரண்டிலும் கடை நாசமானது என்பது ஒன்றே. ஆனால் இழப்பீடு கேட்க வேண்டிய இடம் ஒன்றல்ல. டர்பன் வட்டாரத்தின் ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வர்த்திலோ வெருலத்திலோ கடை வைத்திருப்பவர் பிரீமியம் தவறாமல் கட்டியும் கைக்குப் பணம் வராமல் போவது பெரும்பாலும் இந்த வேறுபாடு புரியாததால்தான்.

சாஸ்ரியா

சாஸ்ரியா அரசுக்குச் சொந்தமான காப்பீட்டு நிறுவனம். 1976 சோவேட்டோ எழுச்சிக்குப் பின், கலவரச் சேதத்தை இனி ஏற்க முடியாது என்று தனியார் நிறுவனங்கள் கைவிரித்தன. அந்த இடத்தை நிரப்ப 1979-இல் இது தொடங்கப்பட்டது. கலவரம், வேலைநிறுத்த வன்முறை, பொது அமைதிக் குலைவு, பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதம் இதன் பொறுப்பு. உங்கள் வழக்கமான கடை பாலிசி இவற்றைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கும். "எனக்குத்தான் தீ காப்பீடு இருக்கிறதே" என்பது இங்கே உதவாது. மின்கசிவால் எரிந்தால் அந்தத் தீ உங்கள் நிறுவனத்தின் கணக்கு. கூட்டம் வந்து கொளுத்தினால் சாஸ்ரியாவின் கணக்கு.

சாஸ்ரியாவிடம் நேரே போய்த் தனியாக வாங்கும் பாலிசி அல்ல இது. முதலில் ஒரு சாதாரண பாலிசி இருக்க வேண்டும். அதன்மேல், அதே நிறுவனம் அல்லது புரோக்கர் வழியாக, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்வது. அடிப்படைப் பாலிசி காலாவதியானால் இதுவும் அதோடு போய்விடும். மாதத் தவணை பாலிசிகளில் முதல் மாதம் தவிர மற்ற மாதங்களுக்கு, தவணை நாளிலிருந்து குறைந்தது 15 நாள் சலுகை உண்டு. வங்கியில் பணம் இல்லாமல் டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து தானே பிடிக்கும் தவணை) திரும்பினால் அந்த 15 நாளுக்குள் கட்டிவிடுங்கள்.

உங்கள் பாலிசி அட்டவணையை இன்றே எடுத்துப் பாருங்கள். சாஸ்ரியா என்ற சொல் தனி வரியாக, தனித் தொகையோடு இருக்க வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் இருந்தால் போதாது. கட்டடம், சரக்கு, வாகனம், வழியில் போகும் சரக்கு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெலிவரி பக்கிக்கு (சிறு சரக்கு வண்டிக்கு) போட்டிருந்து கடைச் சரக்குக்குப் போடாமல் விட்டிருந்தால், கடை எரிந்த நாளில் பக்கிக்கான காப்பீடு எதற்கும் ஆகாது. வாடகைக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கட்டடத்துக்குக் காப்பீடு எடுப்பவர் உரிமையாளர். ஷட்டர், அலமாரி, குளிர் அறை, பில் போடும் இயந்திரம் என நீங்கள் செலவழித்துப் போட்டவை பெரும்பாலும் அவருடைய பாலிசியில் வராது. எது யாருடைய பொறுப்பு என்பதைக் குத்தகை ஒப்பந்தத்தில் படித்துவிட்டு, உங்கள் பங்கை உங்கள் பாலிசியில் சேருங்கள்.

மிகுந்த இழப்பைத் தருவது குறைத்துக் காட்டிய தொகை. கடையில் 10 லட்சம் ரேண்ட் சரக்கு இருக்கிறது. பிரீமியம் குறையட்டும் என்று 6 லட்சத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். கலவரத்தில் 4 லட்சம் ரேண்ட் சரக்கு போகிறது. 4 லட்சம் 6 லட்சத்துக்குள்தானே என்று நினைப்போம். ஆனால் நீங்கள் காப்பீடு செய்தது மொத்த மதிப்பில் 60 சதவீதம். ஆகவே இழப்பிலும் 60 சதவீதம், அதாவது 2,40,000 ரேண்ட்தான் தருவார்கள். மீதி 1,60,000 உங்கள் கைநட்டம். தீபாவளி, கிறிஸ்துமஸ் காலத்தில் சரக்கு இரட்டிப்பாகும் துணிக்கடைகளும் மளிகைக் கடைகளும் அந்த உச்ச மாதத்தின் மதிப்பைத்தான் புரோக்கரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது வருமான இழப்பு. கடை எரிந்து ஆறு மாதம் மூடிக் கிடந்தால் வாடகை, சம்பளம், கடன் தவணை நிற்குமா? சரக்குக்கான சாஸ்ரியா இவற்றைத் தராது. வணிகத் தடைக்கான சாஸ்ரியா காப்பீட்டைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அதிலும் பொதுவாக உங்கள் இடத்தில் உள்ள சொத்துக்குச் சேதம் நேர்ந்திருக்க வேண்டும். சாலை மறிக்கப்பட்டதால் திறக்க முடியவில்லை, வாடிக்கையாளர் பயந்து வரவில்லை என்பவை தாமாக அதில் அடங்குவதில்லை. இதைப் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

2021-க்குப் பிறகு இந்த நிறுவனத்திடம் பணம் இருக்குமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. அந்த ஒரு கலவரத்துக்கு மட்டும் சுமார் 32 பில்லியன் ரேண்ட் அளவுக்குக் கோரிக்கைகள் வந்தன. நிறுவனத்தின் கையிருப்பு தாங்கவில்லை. அரசு சுமார் 22 பில்லியன் ரேண்ட் போட்டுத் தாங்கிப் பிடித்தது. அதன்பின் பிரீமியம் ஏறியது. விலை ஏறியதால் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கருத்தில், செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் வேறு எதையாவது குறைக்கலாம், இதை விடக்கூடாது.

சேதம் நேர்ந்த அன்று

உயிருக்கு ஆபத்து நீங்கியபின் முதல் வேலை படம் எடுப்பது. துடைப்பத்தை எடுக்காதீர்கள். அறை அறையாக, அலமாரி அலமாரியாக, வீடியோவும் படமும் எடுத்து உடனே ஈமெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை: உடைந்த கதவுக்குப் பலகை அடிப்பது, கூரைக்குத் தார்ப்பாய் போடுவது. அதற்கான ரசீதுகளை வைத்திருங்கள். சேதத்தைக் கணக்கிட நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை கெட்ட சரக்கை வீசக்கூடாது. அழுகும் பொருள் என்றால் எண்ணி, படம் எடுத்து, நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு அகற்றலாம்.

போலீஸில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். எண்ணை வாங்கியவுடன் கிளம்பிவிடாமல், என்ன குற்றமாகப் பதிவாகியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். கூட்டமாக வந்து சூறையாடியதைச் சாதாரணப் பூட்டு உடைப்புத் திருட்டு என்று எழுதிவிட்டால், இது சாஸ்ரியாவின் பொறுப்பா, வழக்கமான நிறுவனத்தின் பொறுப்பா என்ற இழுபறி தொடங்கும். நாள், நேரம், எத்தனை பேர் வந்தார்கள், பக்கத்துக் கடைகளுக்கும் என்ன ஆயிற்று என்பதெல்லாம் வாக்குமூலத்தில் இருக்கட்டும். கோரிக்கையை உங்கள் புரோக்கரிடம் அல்லது நிறுவனத்திடம் கொடுத்தால் அவர்கள் சாஸ்ரியாவுக்கு அனுப்புவார்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் அது முடிவல்ல. தனிநபரும் சிறு வணிகரும் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். காரணத்தை எழுத்தில் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை.

மதிப்பீட்டாளர் கேட்பது கொள்முதல் ரசீது, கடைசி சரக்குக் கணக்கெடுப்பு, வங்கிக் கணக்கு அறிக்கை, வாட் கணக்கு, குத்தகை ஒப்பந்தம், நிறுவனப் பதிவுச் சான்று. இவை கடையிலுள்ள ஒரே கோப்பில் இருந்தால் கடையோடு சேர்ந்தே எரியும். மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து இணையச் சேமிப்பில் போடுவதற்கு அரைமணி நேரம் கூட ஆகாது. ரொக்கத்துக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்று ரசீது வைக்காத கடைக்கு, எவ்வளவு நல்ல பாலிசி இருந்தாலும் இழப்பை நிரூபிக்க வழி கிடையாது.

வெள்ளம், புயல்

இவை வழக்கமான பாலிசியின் வேலை, சாஸ்ரியாவுக்குத் தொடர்பில்லை. இங்கே தகராறு வருவது பராமரிப்பில். அடைபட்ட மழைநீர்க் குழாய், துருப்பிடித்த கூரைத் தகடு, சரியாகக் கட்டாத தாங்கு சுவர் ஆகியவற்றைக் காட்டி மறுப்பார்கள். மார்ச் மாதமே கூரையைச் சரிபார்த்து ரசீதோடு படம் வைத்திருந்தால் பதில் சொல்ல முடியும். சரக்கைத் தரையிலிருந்து பலகைமேல் உயர்த்தி வையுங்கள். தீயணைப்புக் கருவியை ஆண்டுக்கொருமுறை சர்வீஸ் செய்து சீட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

தண்ணீர் வெளியே வடிந்த பின்னும் குழாயில் வராமல் போகலாம் என்பதை டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் கண்டது. 2022 வெள்ளத்தில் அங்குள்ள நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மக்கள் பல மாதம் டாங்கர் லாரியை நம்பி இருந்தார்கள். உணவகம், சலூன், மருத்துவமனை நடத்துபவர்களுக்கு ஒரு ஜோஜோ தொட்டி (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) அவசியச் செலவு.

தொழிலாளர்கள்

கடை தற்காலிகமாக மூடினாலோ வேலை நேரம் குறைந்தாலோ, சம்பளம் இழந்த தொழிலாளி வேலையில் இருந்தபடியே யூ.ஐ.எஃப். (அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) உதவி கேட்கலாம். ஆனால் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு, சம்பளத்தில் அவர் 1 சதவீதமும் முதலாளி 1 சதவீதமும் கட்ட வேண்டும். ஆட்களின் விவரத்தை மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு விவரம் அனுப்பாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதன் விளைவைச் சுமப்பவர் தொழிலாளி.

5 பேருக்கு மேல் வேலை செய்தால் முதலுதவிப் பெட்டி கட்டாயம். 10 பேருக்கு மேல் என்றால் முதலுதவிச் சான்று பெற்ற ஒருவர் வேலை நேரத்தில் இருக்க வேண்டும்: கடை, அலுவலகத்தில் 100 பேர் வரை ஒருவர், மற்ற இடங்களில் 50 பேர் வரை ஒருவர்.

பேரிடர் நிலை அறிவித்தால்

2002-ஆம் ஆண்டின் 57-ஆம் எண் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உள்ளூர், மாகாண, தேசிய அளவில் பேரிடர் நிலையை அறிவிக்கலாம். அது 3 மாதத்தில் தானே முடிவடையும். அதற்குமேல் ஒவ்வொரு மாதமாக நீட்டிக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் நமக்கு இழப்பீடு வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அறிவிப்பு செய்வது வேறு: அரசுத் துறைகள் பணத்தையும் ஆட்களையும் விரைவாகத் திருப்பிவிட வழி செய்கிறது. உங்கள் கடைச் சரக்குக்கு ஈடு தருவதாக அதில் எதுவும் இல்லை.

குடும்பங்களுக்கு சாஸா (அரசின் சமூக உதவித்தொகை முகமை) அலுவலகம் வழியே துயர்காலச் சமூக நிவாரணம் உண்டு: உணவுப் பொதியாக, வவுச்சராக அல்லது பணமாக, குறுகிய காலத்துக்கு. அடையாள அட்டை வெள்ளத்தில் போயிருந்தால் போலீஸ் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். வீடு இழந்தவர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போய்விட்டவர்கள்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள், ஏனென்றால் கணக்கெடுப்பு முகாம்களில் நடக்கிறது.

தெருவும் கோயிலும்

ஒவ்வொரு மாநகராட்சியும் மாவட்ட நகராட்சியும் பேரிடர் மேலாண்மை மையம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தொண்டர் படை ஒன்றை அமைக்கவும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு அவற்றுக்கு இடம் தருகிறது. கோயில் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும். பயிற்சியோடு பதிவான குழுவை மையம் நேரடியாக அழைக்கலாம். நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துப் போனது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்தபோது அதன் கரையில் இருந்த டின் டவுன் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் படகில் சென்று மீட்டவர்கள் ஆறு மீனவர்கள். படவேட்டான் அறுவர் என்று அவர்களை இன்றும் சொல்கிறோம்.

கோயில் மண்டபத்தைப் புகலிடமாகத் திறப்பதாக இருந்தால் முன்கூட்டியே நான்கு விஷயங்களை முடிவு செய்யுங்கள்: சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் படுக்க முடியும், கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கேஸ் சிலிண்டர் எங்கே நிற்கும். அன்னதானச் சமையலுக்குப் பழகிய கைகளும் பெரிய பாத்திரங்களும் நம்மிடம் உண்டு. குறைவது பெரும்பாலும் குடிநீரும் பெயர்ப் பட்டியலும்.

வானிலை சேவை எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என வரும். கூடவே ஓர் எண் இருக்கும், 10 உச்சம். மஞ்சளில் வடிகாலைச் சுத்தம் செய்து போனை சார்ஜ் ஏற்றுங்கள். ஆரஞ்சில் ஆற்றோரத்திலும் சரிவிலும் இருப்பவர்கள், இருட்டும் முன் முதியவர்களை வேறிடம் அனுப்பிவிட வேண்டும். 2022-இல் மண்சரிவு பல வீடுகளை இரவில்தான் மூடியது. செல்போனில் அவசர உதவிக்கு 112, போலீஸுக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177. மூன்றையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். போன் அணைந்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் போனிலாவது அழைக்க வேண்டுமே.