ஒரே கேள்வி, 14 மாதம்

சில வாரங்களுக்கு முன் ஒரே நாளில் மூன்று பேர். ஒருவர் கல்லூரி மாணவி, ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். மூவருக்கும் கூட வந்தவர்கள் என் எதிரே உட்கார்ந்ததும் முதலில் சொன்னது ஒன்றே: "எப்பப் பார்த்தாலும் யோசிச்சுக்கிட்டே இருக்காங்க மேடம்." அதை யாரும் பெரிய குறையாகச் சொல்லவில்லை. யோசிக்கிறார், என்றைக்காவது ஒரு முடிவுக்கு வந்துவிடுவார் என்று மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் வீட்டில் 14 மாதம் பொறுத்திருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளராக இதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான், யோசனைபோலத் தெரிகிற இந்த மனச்சோர்வுப் (டிப்ரஷன்) பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பட்டறைக்காரரின் கதையை அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுப்பவர். ஒரு லாட் ஷாஃப்ட், அதாவது ஒரு தொகுதி சுழல்தண்டு, அளவு தப்பி ரிஜெக்ட் ஆனது, ஆர்டர் நின்றது, இரண்டு ஆட்களை அனுப்ப வேண்டியதாயிற்று. சில மாதத்தில் வேறு ஆர்டர் கிடைத்து, பட்டறை ஓரளவுக்கு ஓடத்தான் செய்தது. இவர் மட்டும் அந்த லாட்டை விட்டு வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் இறங்கிவர இரண்டு, மூன்று ஆகிவிடும். சாப்பாடு குறைந்தது, பிள்ளைகளோடு பேச்சு குறைந்தது, எட்டு கிலோ எடையும் குறைந்தது.

வரும்போது ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தார், மகளின் பழைய கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் "எங்கே தப்பு நடந்தது?" என்று தேதியோடு எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசியாக எழுதிய பக்கத்திலும் அதே கேள்விதான், எழுத்து மட்டும் சிறுத்திருந்தது. கீழே இன்னொரு வரி: "நான் ஏன் இப்படி ஆனேன்?" இடையில் இருந்த அத்தனை பக்கத்திலும் ஒரு போன் நம்பர் இல்லை, ஒரு தொகை இல்லை, பார்க்க வேண்டிய ஒரு ஆள் பெயர் இல்லை. அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கணக்குப் பார்க்கறாருன்னு நினைச்சேனுங்க" என்றார்.

மனச்சோர்வு ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கும் 'ரூமினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மாடு அசைபோடுவது என்று பொருள். தமிழில் பழைய நினைவுகளை அசைபோடுவது சுகமான காரியம், அதனால் நான் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுவேன். நம் பாட்டிமார் சொல்லும் 'மருகுவது' இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. உள்ளுக்குள்ளேயே மருகி மருகி என்பார்களே, அதுதான். (இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிப்ரஷனுக்கு 'மன அழுத்தம்' என்று எழுதுவதைப் பத்திரிகைகள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அழுத்தம் வேறு, சோர்வு வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து, லீவு போட்டுவிட்டு ஊட்டி போனால் சரியாகிவிடும் என்று ஒரு நோயைப் பற்றியே ஊரை நம்ப வைத்துவிட்டோம்.)

மருகுவதைத் தனி ஆய்வுப் பொருளாக நிலைநிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வருத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தார். அடுத்த இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதே மாணவர்களிடம் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மறுபடி கேட்டார். நிலநடுக்கத்துக்கு முன்பே மருகும் பழக்கம் இருந்தவர்களிடம்தான் ஏழு வாரத்துக்குப் பிறகும் சோர்வு கூடுதலாக இருந்தது. எல்லோர் காலடியிலும் ஆடியது ஒரே பூமிதான்.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் நம்பிக்கைக்கு வருகிறேன். "விடாமல் யோசித்தால் காரணம் தெரியும், காரணம் தெரிந்தால் சரியாகிவிடும்" என்பது. படித்தவர்களிடம்தான் இது அதிகம். பிரச்சினையைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வதாக அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் அவர்களை மாடியிலிருந்து இறங்கவிடுவதில்லை.

உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியும் நோலன்-ஹோக்செமாவும் 1995இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மனம் வாடியிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரை எட்டு நிமிடம் தங்கள் உணர்வுகளைப் பற்றியும், தாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம் என்பதைப் பற்றியும் நினைக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வானத்தில் மேகம் திரள்வது போன்ற வெளி விஷயங்களை நினைக்கச் சொன்னார்கள். பிறகு நண்பரோடு ஏற்படும் மனக்கசப்பு மாதிரியான சிக்கல்களைக் கொடுத்துத் தீர்வு கேட்டார்கள். மருகியவர்களின் தீர்வுகள் மோசமாக இருந்தன. மேகத்தை நினைத்தவர்கள், மனம் வாடாதவர்களுக்குச் சமமாக யோசித்தார்கள். எட்டே நிமிடத்தில் வந்த வித்தியாசம் இது. மாடியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மோசம், இதே இருவரின் முந்தைய ஆய்வில், மருகியவர்களுக்குத் தங்களைப் பற்றி ஏதோ தெளிவு பிறப்பதுபோலவே தோன்றியிருக்கிறது. வெளியே போனால் மனசுக்கு நன்றாக இருக்கும் என்று தெரிந்தும், போக மனம் வரவில்லை. பட்டறைக்காரர் என்னிடம் சொன்னது இதையேதான்: "இன்னும் ஒரு வாரம் யோசிச்சா பிடிச்சிருவேன் மேடம்."

அதற்காக யோசிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக உளவியலாளர் எட் வாட்கின்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, கேள்வியின் வகையைப் பார் என்பதைத்தான். 'நான் ஏன் இப்படி?', 'எனக்கு மட்டும் ஏன்?' என்பவை பிடிமானம் இல்லாத கேள்விகள், மனிதனையே கூண்டில் ஏற்றுபவை. 'என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, அடுத்து எப்படிச் செய்வது?' என்பவை தரையில் கால் பாவிய கேள்விகள்.

இதைப் பாடமாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது. பட்டறைக்காரரிடம் இப்படிக் கேட்டேன்: "பட்டறையில் ஒரு ஷாஃப்ட் அளவு தப்பினால் என்ன பண்ணுவீங்க?" யோசிக்காமல் பதில் வந்தது. "மைக்ரோமீட்டரை செக் பண்ணுவேன். டூல் தேஞ்சிருக்கான்னு பார்ப்பேன். சக் ஆடுதான்னு பார்ப்பேன்." "இந்த ஷாஃப்ட் ஏன் இப்படிப்பட்ட ஷாஃப்ட்டா பொறந்துச்சுன்னு கேட்பீங்களா?" கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அந்த லாட்டுக்கு மூணாவது நாள் டூல் மாத்தியிருக்கணும் மேடம், அவ்வளவுதான்" என்றார். 14 மாதத்தில் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் பதில் அது. அதோடு நோய் தீரவில்லை. இப்போது மனநல மருத்துவரிடம் மருந்தும் என்னிடம் சிகிச்சையும் தொடர்கிறது. ஆனால் போன அமர்வுக்கு வரும்போது அந்த நோட்டில் இரண்டு போன் நம்பர்கள் இருந்தன.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "அதையே நினைக்காதே" என்று சொல்வதைத் தயவுசெய்து விடுங்கள். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர், ஆய்வுக்கு வந்தவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லி, நினைவு வந்தால் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடுத்துவைத்த பிறகு அந்த நினைப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பியது. "கோயிலுக்குப் போ", "உனக்கென்ன குறை" என்பதும் உதவாது. அவர் ஏற்கெனவே நடத்தும் விசாரணையில் இன்னொரு குற்றச்சாட்டைச் சேர்ப்பதுதான் அது. "வாங்க, கடை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து எழுப்புங்கள், அது போதும்.

தோழியோடு மணிக்கணக்கில் போனில் அதே விஷயத்தைப் புலம்பும் பெண்களுக்கும் சொல்ல வேண்டும். உளவியலாளர் அமெண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது: சேர்ந்து மருகும்போது நட்பு இறுகுகிறது, சோர்வும் கூடவே ஏறுகிறது. நட்பை விடாதீர்கள். பேச்சு இரண்டாவது சுற்று வந்ததும் "சரி, நாளைக்கு என்ன பண்ணப் போறே?" என்று கேட்கிற தோழியாக இருங்கள்.

நீங்கள் யோசிக்கிறீர்களா, மருகுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள எங்கள் துறையில் ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு நிமிடம் நினையுங்கள். பிறகு கேளுங்கள்: பிரச்சினை ஓர் அங்குலமாவது நகர்ந்ததா? புதிதாக ஏதாவது தெரிந்ததா? உங்களை நீங்களே திட்டுவது குறைந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால் எழுந்துவிடுங்கள். உடம்பை எழுப்புங்கள், மனசு பின்னால் வரட்டும். மருகல் எந்த நேரத்தில், எந்த இடத்தில் பிடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். பெரும்பாலும் அதே மணி, அதே நாற்காலி, அதே மாடிப்படி. அந்த நேரத்துக்கு வேறொரு வேலையை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். தூக்கம் வராமல் படுக்கையில் புரண்டுகொண்டே கிடக்காதீர்கள், போனையும் நோண்டாதீர்கள்.

பிள்ளைகளிடம் இதைச் சீக்கிரம் கவனித்தால் எவ்வளவோ தடுக்கலாம். நெதர்லாந்தில் மருகலும் கவலையும் மிகுந்த 15 முதல் 22 வயது வரையிலான 251 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. பயிற்சிக்குக் காத்திருந்தவர்களில் ஓராண்டில் சுமார் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. இந்தப் பழக்கத்தை மாற்றப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 15 சதவீதம்தான். "வயசுக்கோளாறு" என்று தள்ளிப்போடும் பெற்றோர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் வாடியே இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆர்வம் இல்லை என்றால், வீட்டிலேயே வைத்துப் பார்க்காமல் அழைத்து வாருங்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பத்தாவது நாள் நீங்களாக நிறுத்தாதீர்கள். "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால், சும்மா சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், அந்த நிமிடமே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துவையுங்கள்.