மதகு நுரையை வானலையில் அடைப்பது எப்படி

கல்லணையில் மதகு திறக்கும் நாளில் டிவி பார்த்திருப்பீர்கள். ஸ்டுடியோவில் செய்தி வாசிப்பவரின் முகம் பளிச்சென்று இருக்கும். அடுத்த நொடி மதகில் பீறிடும் தண்ணீரைக் காட்டுவார்கள். நுரை இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் மிதக்கும். பெரும்பாலும் கேமராமேன் மேல் தப்பு இருக்காது. படத்தைச் சுருக்கும் கணக்கு திணறுகிற இடம் அது.

முழு எச்டி படம் ஒன்றில் 1920-க்கு 1080 புள்ளிகள். நொடிக்கு 25 படம். நிற விவரத்தில் கண்ணுக்கு எட்டாததை முன்பே கழித்துவிட்டாலும் நொடிக்கு 62 கோடி பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி) ஆகிவிடும். கோபுரத்திலிருந்து நேரே வீட்டு ஆன்டெனாவுக்கு வரும் தரைவழி ஒளிபரப்பிலோ, டிவிபி-டி2 முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 4 கோடி பிட் போனாலே நல்ல பாய்ச்சல். அதையும் பல சேனல்கள் பங்கிட வேண்டும். டிடிஎச்சிலும் இதே கணக்குதான், அளவுதான் வேறு.

வரப்பில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் தென்னை மரங்கள் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு படத்தையும் முழுசாக அனுப்ப வேண்டியதில்லை. 'போன படத்தில் இருந்த இந்தத் துண்டை நான்கு புள்ளி வலப்பக்கம் நகர்த்து' என்ற குறிப்பு போதும். குறிப்புக்கு அடங்காத மிச்சம் மட்டும் தனியே போகும். இடையிடையே முழுப் படம் ஒன்றும் வரும். சேனல் மாற்றியதும் திரை சற்றுத் தாமதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மிச்சத்தைச் சுருக்குவது கொசைன் உருமாற்றம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்டது. இதற்காக அகமது கேட்ட நிதியை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை தரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் ஆதங்கமாக இருக்கிறது. படத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டத்துக்குள் இருக்கும் ஒளி வேறுபாட்டை, மெல்ல மாறும் அலைகள், வெடுக்கென மாறும் அலைகள் என்று இது பிரித்துவிடும். வானம், சுவர், வெள்ளை வேட்டி இவற்றுக்கெல்லாம் முதல் வகையில் சிலவே போதும். இரண்டாம் வகையைத் தோராயமாக்கினால் கண்ணுக்கு உறைக்காது.

இந்த இரண்டு உத்தியும் மதகு நுரையிடம் தோற்றுப்போகின்றன. போன படத்தில் இருந்த துளி இந்தப் படத்தில் இல்லை; எதை நகர்த்துவது? நுரை முழுவதுமே வெடுக்கென மாறும் அலைகள். காற்றில் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு பக்கம் சாயும் நெல்வயலும் அப்படித்தான். ஸ்வீடன் பொதுத் தொலைக்காட்சி தயாரித்த சோதனைக் காட்சிகளில் ஒன்று, தண்ணீரிலிருந்து வாத்துகள் பறந்தெழுவது. சுருக்குமுறைகளைச் சோதிப்பவர்கள் இன்றும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அறுவடைக்குப் பின் நம் வயல்களில் மேயும் வாத்துக் கூட்டமே போதும், அதே பாடு படுத்தும்.

பரவலாகப் புழங்கும் சுருக்குமுறையான எச்.264-இல் கட்டத்தின் பெரிய அளவு 16-க்கு 16 புள்ளி. அதற்கு அடுத்த தலைமுறையாக 2013-ல் வந்த எச்இவிசி அதை 64-க்கு 64 வரை விரித்தது: வெறும் வானத்துக்குப் பெரிய கட்டம், கதிருக்குப் பொடிக் கட்டம். அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி பிட்டே போதும் என்றானது. ஜெர்மனி 2017-ல் தரைவழி எச்டியை இதில்தான் தொடங்கியது.

மிச்சமிருப்பது பங்கீடு. தண்ணீர் குறைந்த ஆண்டில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்து விடுவதுபோல, ஒரே அலைவரிசையில் போகும் சேனல்களுக்கு நொடிக்கு நொடி தேவை பார்த்து பிட்டைத் திறந்துவிடுகிறது ஒரு கருவி. ஒன்றில் பேட்டி ஓடினால் அதன் பங்கு குறையும், இன்னொன்றின் கிரிக்கெட்டுக்குப் போகும். மதகு திறக்கும் நாளில் அதற்கும் வழியில்லை. எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் அந்த நுரையையே காட்டுகின்றன.