ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் ஏன் சத்தம்?

"நேராகப் போனால் ஒன்றுமில்லை. யூ டர்ன் எடுத்தால் மட்டும் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். ஆக்ஸிலையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நம்பலாம், ஆனால் உடனே வேண்டாம். திருப்பத்தில் சத்தம் போட ஒரு காரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைச் சுற்றும்போதே முனகினால் பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்திருக்கலாம் (மின்மோட்டார் வைத்த ஸ்டியரிங்கில் இந்த ஆயிலே கிடையாது). தகரம் உரசுகிற சத்தம் என்றால், பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்திருக்கும், இல்லையென்றால் நடுவில் ஒரு ஜல்லி மாட்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிவிட்டால் தீர்ந்தது. பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினால் பிரேக் மிதிக்கும்போதும் கேட்கும். இவையெல்லாம் இல்லையென்றால் மிச்சம் இரண்டு: சிவி ஜாயின்ட் (எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸில் தண்டில், சக்கரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் மடங்கும் மூட்டு), வீல் பேரிங் (இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் வைத்து, சக்கரத்தை உராயாமல் சுற்றவிடும் பாகம்).

சிவி ஜாயின்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். அம்பாசடரில் திரும்புவது முன்சக்கரம், வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். 1983 கடைசியில் வந்த மாருதி 800-இல் முன்சக்கரமே இரண்டையும் செய்தது. இன்று நாம் ஓட்டும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். அதாவது, கோணம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரத்துக்கு எஞ்சினின் சுழற்சி போய்ச் சேர வேண்டும். லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்களே, சிலுவை ஜாயின்ட், அது இங்கே உதவாது. அதை 40 டிகிரி மடக்கினால், உள்ளே வரும் தண்டு சீராகச் சுற்றினாலும் வெளியே போகும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 30 சதவீதம் வேகமெடுக்கும், இரண்டு முறை 23 சதவீதம் தளரும். ஸ்டியரிங் கையில் நிற்காது.

1920களில் ஆல்ஃபிரட் செப்பா கண்டுபிடித்த வழி எனக்கு அலுக்கவே அலுக்காத ஒன்று. வெளியே ஒரு கிண்ணம், உள்ளே ஒரு எஃகுக் கரு. இரண்டிலும் வளைந்த பள்ளங்கள் ஆறாறு. எதிரெதிரான ஒவ்வொரு ஜோடிப் பள்ளத்துக்கும் நடுவே ஒரு எஃகுக் குண்டு. ஆறு குண்டுகளையும் ஒரே தளத்தில் பிடித்து வைக்க ஒரு கூண்டு. தண்டு 40 டிகிரி மடங்கினால் கூண்டு சரியாக 20 டிகிரி சாயும். அந்தப் பாதித் தளத்தில் எந்தக் குண்டை எடுத்துக்கொண்டாலும், ஒரு தண்டின் அச்சிலிருந்து அதற்கு எவ்வளவு தூரமோ, மற்றத் தண்டின் அச்சிலிருந்தும் அதே தூரம். ஆரம் சமம் என்றால் வேகமும் சமம். எவ்வளவு மடக்கினாலும் சக்கரத்தில் துள்ளல் வராது.

சரி, பாதி சாய வேண்டும் என்று கூண்டுக்கு யார் சொல்வது? கிண்ணத்தின் பள்ளமும் கருவின் பள்ளமும் ஒரே மையத்தை வைத்துக் கடையப்பட்டவை அல்ல. ஜாயின்ட்டின் நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு மையம், அந்தப் பக்கம் அதே தூரத்தில் இன்னொரு மையம். அதனால் குண்டு உட்காரும் சந்து ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருக்கும். தண்டு மடங்கும்போது அந்தச் சந்துகளே குண்டுகளைத் தள்ளுகின்றன. கூண்டோடு சேர்ந்து ஆறும் அமர்ந்து நிற்க இடம் கிடைப்பது அந்தப் பாதித் தளத்தில் மட்டும்தான். ஸ்பிரிங் கிடையாது, சென்சார் கிடையாது. வெறும் வட்டங்கள்.

சத்தமும் இதே அமைப்பிலிருந்துதான் வருகிறது. நேராகப் போகும்போது குண்டு பள்ளத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. வருடக்கணக்கில் அதே இடத்தில் பாரம் விழுந்து எஃகில் குழி விழுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடி, குழியின் விளிம்பில் தட்டுகிறது. டக், டக், டக். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்னும் பலமாகத் தட்டும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். முற்றிய ஜாயின்ட்டில் தட்டல் அரைபடும் சத்தமாகவே மாறிவிடும்.

குழி சீக்கிரம் விழக் காரணம் பெரும்பாலும் மணல். ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், புழுதி உள்ளே போகும். சக்கரத்தின் உட்புறம் கறுப்பாகக் கிரீஸ் சிதறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறோமே, கட்டிக்கொள்ளுங்கள். குனிந்தது குனிந்தபடி அந்த பூட்டையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள், திருஷ்டி அதன் வழியாகத்தான் வருகிறது. சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டால் கழுவி, புது கிரீஸும் பூட்டும் போட்டால் போதும். சத்தம் வந்துவிட்டால் கிரீஸ் குழியை நிரப்பாது. அப்போது மெக்கானிக் சொன்னதுதான் சரி: ஜாயின்ட்டையோ முழு ஆக்ஸிலையோ மாற்ற வேண்டும்.

வீல் பேரிங் தட்டாது, உறுமும். வேகம் கூடக் கூட உறுமல் கூடும், நியூட்ரலில் போட்டாலும் நிற்காது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச்சக்கரத்துக்குப் போகும். அப்போது உறுமல் ஏறினால் பெரும்பாலும் இட பேரிங்தான். ஜாக்கி போட்டு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சுருள்வில்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் அந்தக் கம்பியில் நறநறப்பு விரலுக்குத் தெரியும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பேரிங் முழுக்கப் போனால் சக்கரமே ஆடும்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார்களா, பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்களா? வெளிவளையத்தை ஏற்றும்போது வெளிவளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுக்க குண்டுகள் வழியாகப் போய் அவை ஓடும் பாதையில் தடம் பதிக்கும். புது பேரிங் ஒர்க்‌ஷாப் வாசல் தாண்டும்போதே உறும ஆரம்பிக்கும்.