முஜ்ஜென்ம ஞாபகம்: சொல் விளக்கம்

பாலக்காட்டின் கிழக்கு ஓரம், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ‘பூர்வ ஜென்மம்’ என்பதோடு ‘முஜ்ஜென்மம்’ என்ற சொல்லும் காதில் விழும். மலையாளத்து ‘முஜ்ஜன்மம்’தான் அது. முன் + ஜன்மம் சேர்ந்து வந்தது. தமிழில் முன் + பிறவி ‘முற்பிறவி’ ஆனது போலத்தான். எதிர்பாராத நல்லது நடந்தால் ‘முஜ்ஜென்ம சுகிர்தம்’, அதாவது முற்பிறவிப் புண்ணியம், என்பார்கள். நம் ‘விட்ட குறை தொட்ட குறை’க்குப் பக்கத்தில் வைக்கலாம். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை. நம்பிக்கை உள்ளவர் நம்பிக்கையாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

சிக்கல் இரண்டாவது சொல்லில் இருக்கிறது. வடமொழியில் ‘ஞாபகம்’ என்றால் அறியச் செய்வது, சுட்டிக் காட்டுவது. நினைவுக்கு அங்கே ஸ்மரணம், ஸ்மிருதி என்று வேறு சொற்கள் உண்டு. முற்பிறப்பை நினைவுகூர்பவரை ‘ஜாதிஸ்மரர்’ என்பார்கள். இந்த ஜாதிக்குப் பிறப்பு என்று பொருள். தமிழில் ஞாபகம் நினைவாகவே நிலைத்துவிட்டது. அதனால் ‘ஞாபகம்’ என்று சொன்னவுடனே, அந்தச் செய்தி உண்மையில் நடந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிறது. மூன்று வயதுக் குழந்தை “எனக்கு வேற வீடு இருக்கு, அங்க வேற அம்மா இருக்காங்க” என்றால் நம் கையில் இருப்பது அந்தப் பேச்சு மட்டும்தான். அது நினைவா, கேட்டதா, கற்பனையா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பழந்தமிழில் இதற்குச் சொல் இருக்கிறது. மணிமேகலையில் ‘பீடிகை கண்டு பிறப்புணர்ந்த காதை’ என்று ஒரு காதையே உண்டு. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கிறாள். ‘பிறப்புணர்தல்’ அழகான சொல். காப்பியத்துக்குப் பொருந்தும். ஒரு குழந்தையின் பேச்சை ஆராயும்போது பொருந்தாது, ‘உணர்தல்’ என்பதும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதால். ஆகவே நான் பரிந்துரைப்பது ‘முற்பிறவிக் கூற்று’. சாதாரணப் பேச்சில் ‘முற்பிறவிப் பேச்சு’ போதும்.

இந்தக் கூற்றுகளைப் பெரிய அளவில் திரட்டியவர் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் (1918–2007). இந்தியா, இலங்கை உள்பட பல நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிக் குறிப்பு எடுத்தார். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் உதவியாளராக இருந்த சாம்ப் ரான்சம் தந்த கணக்கைப் பாருங்கள்: 1,111 நிகழ்வுகளில், விசாரணைக்கு முன்பு குழந்தையின் குடும்பமும், அது முற்பிறவியில் யாராக இருந்ததாகச் சொல்லப்பட்டதோ அந்த இறந்தவரின் குடும்பமும் சந்தித்துக்கொள்ளாதவை வெறும் 11. மற்றவற்றில் யார் எதை யாரிடம் கேட்டுச் சொன்னார்கள் என்று பிரிக்கவே வழியில்லை.

நம் பக்கத்திலிருந்து வந்த மறுப்பு சி.டி.கே. சாரியுடையது. சென்னை கிறித்தவக் கல்லூரியின் மெய்யியல் பேராசிரியர். ஆவி, அமானுஷ்யம் பற்றிய ஆய்வுகளை ஊன்றிப் படித்தவர், எடுத்த எடுப்பில் தூக்கி எறிபவர் அல்லர். ஸ்டீவன்சனுக்கு உள்ளூர் வழக்கம் போதுமான அளவு தெரியவில்லை என்றார். வேறு நாட்டுக் குழந்தைக்கு மனத்தில் ஒரு கற்பனைத் தோழன் அமைவது போல, மறுபிறப்பை நம்பும் சமூகத்துக் குழந்தைக்கு முற்பிறவிக் கதை அமைகிறது என்பது அவர் வாதம். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது.

கதை எப்படி வளரும் என்பதை எங்கள் ஊரை வைத்தே யோசிக்கலாம். குழந்தை “வேற வீடு” என்கிறது. “அந்த வீடு எங்க கண்ணு இருக்குது? ஆத்துக்குப் பக்கமா?” என்று பாட்டி கேட்கிறாள். குழந்தை தலையாட்டுகிறது. மறுநாள் பாட்டி பக்கத்து வீட்டில் “ஆத்தோரம் வீடுன்னு சொல்லுச்சு” என்கிறாள். ஆறு வந்தது பாட்டியின் வாயிலிருந்து. அப்புறம் சித்தூர்ப் புழையில் எப்போதோ மூழ்கிப்போன ஒருவரின் பெயர் யாருக்காவது நினைவுக்கு வரும். தமிழில் கேட்டது, மலையாளம் கலந்து பதில் வந்தது, மொழிபெயர்ப்பாளர் வழியாக வெளியூர் ஆய்வாளரின் காகிதத்தில் ஏறியது என்றால், முதல் நாள் குழந்தை உண்மையில் என்ன சொன்னது என்பதை யார் எடுத்துத் தருவது?

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1994-இல் ஸ்டீபன் சேசியும் உடன் ஆய்வாளர்களும், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளிடம் நடக்காத நிகழ்ச்சிகளைப் பற்றி வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எலிப்பொறியில் விரல் சிக்கியது அவற்றில் ஒன்று. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படி ஒன்றையாவது நடந்ததாகவே விவரித்தார்கள்.

எங்கோ காதில் விழுந்தது, கேட்ட இடம் மறந்து, சொந்த அனுபவம் போலத் திரும்பி வருவதும் உண்டு. ‘கிரிப்டோம்னீசியா’ என்பார்கள், கிரேக்கத்தில் ‘கிரிப்டோஸ்’ என்றால் மறைந்த. தமிழில் ‘மறைநினைவு’ எனலாம்.

எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: சிலர் ‘மறுபிறவி ஞாபகம்’ என்று எழுதுகிறார்கள். மறுபிறவி இனி எடுப்பது. குழந்தை பேசுவது முன்னதைப் பற்றி. செய்தியாக எழுதினால் ‘முற்பிறவி பற்றிக் குழந்தை கூறியது’ என்று எழுதி, அதற்கு முன் பெரியவர்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள்.