ஒடுக்கைப் பிடித்து வைத்திருக்கும் ஓரம்

பார்க்கிங்கில் யாரோ முழங்காலாலோ பையாலோ இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கார் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. ஆழம் 2 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பெயின்ட் உரியவில்லை. டிங்கரிங் கடையில் காட்டினால் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்துத் தேய்த்து, கதவு முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லக்கூடும். அதற்கு முன் அந்தத் தகடு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கதவின் வெளித்தகடு சுமார் 0.7 மி.மீ. தடிமனுள்ள எஃகு. எஃகைக் கொஞ்சம் இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். கதவுக்குப் போடும் மென்மையான எஃகில் அந்தக் 'கொஞ்சம்' ஏறத்தாழ 0.1 சதவீதம், மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். தாண்டினால் திரும்பாது. வளைப்பதும் ஒரு வகையில் இழுப்பதுதான்: வளைவின் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். கணக்குப் போட்டால், 0.7 மி.மீ. தகட்டை சுமார் 35 செ.மீ. ஆரத்தைவிட இறுக்கமாக வளைத்தால்தான் அந்த எல்லை மீறப்படும்.

நம் ஒடுக்கின் நடுப்பகுதி அதைவிட விரிந்த வளைவு. அங்கே தகடு கெடவே இல்லை, விட்டால் வெளியே வந்துவிடும். விடாமல் பிடித்திருப்பது ஓரம். பள்ளத்தைச் சுற்றிலும் விரலால் தடவினால் மெல்லிய வரப்பு ஒன்று தட்டுப்படும். எல்லை மீறி மடங்கியது அதுதான். மடங்கிய எஃகு முன்பைவிடக் கடினமாகியும் விடுகிறது. கட்டுக்கம்பியை வளைத்துவிட்டு நிமிர்த்தினால், பழைய மடிப்பு அப்படியே நிற்க, அதன் பக்கத்தில் வளையுமே, அதே சங்கதி. பள்ளத்தின் அடியைச் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் நல்ல தகடுதான் நீண்டு கெடும்.

பெயின்ட்டைத் தொடாமல் ஒடுக்கு எடுப்பவர்கள் அதனால் வரப்பைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். பிளாஸ்டிக் முனை வைத்து வெளியிலிருந்து மெல்லத் தட்டித் தணிப்பார்கள். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே நீளக் கம்பியை விட்டு உள்ளிருந்து நெம்புவார்கள். ஒரே அழுத்து கிடையாது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னதாக நூறு அழுத்து. கோடு போட்ட விளக்கு ஒன்றின் பிம்பம் கதவில் விழும்படி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம்கூட அந்தக் கோட்டை நெளிய வைக்கும். கம்பி எட்டாத இடமா, சூடான பசையில் ஒரு கொக்கியை ஒட்டி வெளியே இழுப்பார்கள்.

இத்தனை மெனக்கெடல் பெயின்ட்டுக்காக. தொழிற்சாலையில் வெறும் உலோகக் கூடாக இருக்கும்போதே அடிப்பூச்சை 170 டிகிரிக்கு மேல் சுட்டுவிடுகிறார்கள். முழு வண்டியாகிவிட்ட பிறகு, உள்ளே இருக்கும் ரப்பரும் ஒயரும் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் அந்தப் பூச்சு ஒருமுறை போனால் கடையில் அதை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது.

சரி, வெந்நீர் ஊற்றி, அடைப்பெடுக்கும் ரப்பர் பிளஞ்சரால் இழுக்கும் வீடியோக்கள்? பம்பரில் பலிக்கும், அது பிளாஸ்டிக், வெந்நீரில் இளகும். எஃகுக்கு 100 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. பிளஞ்சரால் நடுப்பகுதி 'டொப்' என்று வெளியே வரலாம், ஆனால் வரப்பு அங்கேயே இருக்கும், வெயிலில் சாய்வாகப் பார்த்தால் தெரியும்.

கூர்மையாக மடிந்த கோடு, கதவின் விளிம்பு, தகடு நீண்டுபோன இடம், இவை வேறு கதை. நீண்ட தகட்டுக்குப் போக இடமில்லை. பிஸ்கட் டின் மூடி போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளும். அதற்குப் பெரும்பாலும் பட்டிதான் வழி. பழைய கார் வாங்கப் போகிறவர்கள், துணி சுற்றிய சின்னக் காந்தத்தை எஃகுக் கதவில் வைத்துப் பார்ப்பது இதனால்தான்: பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும்.